சூடேறினால் நகரும் கோடுகள்: திரவப் படிக நுண் ரெசனேட்டர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கண்ணாடி நுண்கோளத்தின் விளிம்பை ஒட்டி ஒளி வட்டமடிப்பதையும், சுற்றளவில் முழு எண்ணிக்கையில் அலைகள் பொருந்தும் அலைநீளங்களில் மட்டும் அது ஒத்ததிர்வதையும் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். இப்படி ஒளியைச் சுற்றவிட்டுத் தேக்கிவைக்கும் சிறு அமைப்புதான் நுண் ரெசனேட்டர். அதன் ஒத்ததிர்வுகள் நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். அந்த அலைநீளங்களை வெப்பத்தால் நகர்த்துவது பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. செய்து பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

சிலிக்கா கோளத்தைச் சூடாக்கினாலே ஒத்ததிர்வு நகருமே, திரவப் படிகம் எதற்கு? (பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)

நகரும், ஆனால் மிகவும் கொஞ்சம். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதன் நீள விரிவு இன்னும் சிறியது, பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். இரண்டையும் சேர்த்து 1550 நானோமீட்டரில் கணக்குப் போட்டால் டிகிரிக்கு 11 அல்லது 12 பைக்கோமீட்டர் வரும். 300 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோளத்தில் ஒரே வகையைச் சேர்ந்த அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே சுமார் 1.75 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு கோட்டை அடுத்த கோட்டின் இடத்துக்குக் கொண்டுபோக 150 டிகிரி சூடாக்க வேண்டும்.

திரவப் படிகத்தில் கதையே வேறு. நீள மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்பதால் அதற்கு இரண்டு ஒளிவிலகல் எண்கள். ஒளியின் மின்புலம் மூலக்கூறு திசையோடு இணைந்திருந்தால் அசாதாரண எண், குறுக்கே இருந்தால் சாதாரண எண். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் 5சிபி என்ற பொருளுக்கு 25 டிகிரியில், மஞ்சள் ஒளியில், இவை சுமார் 1.71, 1.53. சூடேறும்போது மூலக்கூறுகளின் ஒழுங்கு தளர்ந்து, இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 35 டிகிரி அளவில் ஒழுங்கு முழுவதும் குலைந்து, இரண்டும் 1.58 அருகே ஒன்றாகிவிடுகின்றன. 10 டிகிரிக்குள் அசாதாரண எண் 0.13 இறங்குகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்ணாடியிடம் எதிர்பார்க்கவே முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை கோட்டின் கூர்மை. அதை அளக்கும் க்யூ எண், அலைநீளத்தைக் கோட்டின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது. சிலிக்கா கோளத்தில் 1996இலேயே 800 கோடியை எட்டினார்கள். நெமாட்டிக் (மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் திரவப் படிக நிலை) துளியில் பத்தாயிரத்தைத் தாண்டினாலே நல்ல துளி. மூலக்கூறு திசை வெப்பத்தால் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருப்பதால் ஒளி சிதறுகிறது. சென்டிமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு என்று வைத்து 600 நானோமீட்டரில் கணக்கிட்டால் க்யூ முப்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். துளியை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் இந்த வரம்பு பொருளோடு பிறந்தது. மிகக் கூர்மையான கோடு வேண்டுமென்றால் திரவப் படிகத்தை முழு ரெசனேட்டராக வைக்காமல், கண்ணாடி ரெசனேட்டரின் ஓரத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பி.டி.எம்.எஸ். ரப்பருக்குள் 5சிபி துளிகள் செய்து சூடாக்கினேன். சில கோடுகள் நீலப் பக்கம் (குறைந்த அலைநீளத்துக்கு) போகின்றன, சில சிவப்புப் பக்கம் (கூடிய அலைநீளத்துக்கு) போகின்றன. அமைப்பில் தவறா? (முனைவர் பட்ட ஆய்வு மாணவி)

தவறில்லை. இரண்டு திசையிலும் நகர்வதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் துளி சரியாக வந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

பி.டி.எம்.எஸ். பரப்பில் 5சிபி மூலக்கூறுகள் செங்குத்தாக நிற்கும். அதனால் துளி முழுவதும் மூலக்கூறு திசை மையத்திலிருந்து ஆரங்களாக விரியும். விளிம்பை ஒட்டிச் சுற்றும் ஒளியில் இரண்டு வகை உண்டு. மின்புலம் ஆரத்தின் வழியே இருப்பதை டி.எம். என்றும், பரப்போடு படிந்து இருப்பதை டி.இ. என்றும் சொல்கிறோம். ஆரத் துளியில் டி.எம். ஒளி அசாதாரண எண்ணைப் பார்க்கிறது, டி.இ. ஒளி சாதாரண எண்ணைப் பார்க்கிறது. சூடேற்றினால் முன்னது இறங்குகிறது, பின்னது ஏறுகிறது. கோடுகளும் அப்படியே எதிரெதிராகப் போகின்றன.

எண்களோடு பார்க்கலாம். இரண்டு எண்களின் சராசரி (அசாதாரண எண் ஒரு பங்கு, சாதாரண எண் இரண்டு பங்கு) அடர்த்தி குறைவதால் டிகிரிக்குச் சுமார் 0.00055 இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ, தெளியும் வெப்பநிலைக்கு எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்பதன் ஏறத்தாழ 0.19 அடுக்குக்கு ஏற்பச் சுருங்குகிறது. கலங்கலாக இருக்கும் திரவப் படிகம் ஒழுங்கு இழந்து தெளிந்த திரவமாகும் புள்ளியைத்தான் தெளியும் வெப்பநிலை என்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்தால், 25 டிகிரியில் அசாதாரண எண் டிகிரிக்கு 0.0028 அளவு குறையும், சாதாரண எண் 0.0006 கூடும். 600 நானோமீட்டரில் இது டி.எம். கோட்டுக்கு 1 நானோமீட்டர் நீலப் பக்கமாகவும், டி.இ. கோட்டுக்குக் கால் நானோமீட்டர் சிவப்புப் பக்கமாகவும் வரும். துளி விரிவதால் இரண்டு கோடுகளுக்கும் 0.15 நானோமீட்டர் சிவப்புப் பக்கமாகச் சேரும். ஆக டி.எம். 0.85 நீலத்துக்கு, டி.இ. 0.4 சிவப்புக்கு. ஒளியின் ஒரு பகுதி துளிக்கு வெளியே கசிந்து ஓடுவதால் உங்கள் அளவு இதிலிருந்து சற்று மாறலாம். குறி மாறக்கூடாது.

எது எந்தக் கோடு என்று உறுதிசெய்ய ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன்னால் ஒரு தளவிளைவாக்கியை (மின்புலம் ஒரே திசையில் உள்ள ஒளியை மட்டும் விடும் தகடு) வையுங்கள். துளியின் ஒரு விளிம்பை மட்டும் படம்பிடித்துப் பார்த்தால், தளவிளைவாக்கியை ஆரத்தின் திசையில் திருப்பும்போது டி.எம். கோடுகள் ஓங்கும், குறுக்கே திருப்பும்போது டி.இ. ஓங்கும். முழுத் துளியையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கரைந்துவிடும்.

துளி செய்யும் முறையை அளவுகளோடு சொல்லுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் முடியுமா? (கல்லூரி விரிவுரையாளர்)

ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பும், 0.1 நானோமீட்டர் பிரிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் இருந்தால் முடியும்.

முதலில், லேசர் பட்டு ஒளிர்வதற்கான சாயம். 5சிபியில் எடையில் 0.1 சதவீதம் நைல் ரெட் போதும். 100 மில்லிகிராம் திரவப் படிகத்துக்கு 0.1 மில்லிகிராம் சாயத்தைத் தராசில் நேராக நிறுக்க முடியாது. ஒரு மில்லிகிராம் சாயத்தை ஒரு மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து, அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்துச் சேருங்கள். சூடுதட்டில் 50 டிகிரியில் மூடியைத் திறந்து வைத்து எத்தனாலை முழுக்க ஆவியாக்குங்கள். அவசரப்பட்டால் இங்கேதான் கெடும். மிச்சமிருக்கும் எத்தனால் தெளியும் வெப்பநிலையை இறக்கிவிடும். 35 இருக்கவேண்டிய இடத்தில் 31, 32 என்று வந்தால் சாயத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் எத்தனாலைச் சந்தேகியுங்கள்.

பி.டி.எம்.எஸ்.: சில்கார்ட் 184 என்றால் பத்துப் பங்கு அடிப்பொருளுக்கு ஒரு பங்கு கடினமாக்கி. நன்றாகக் கலக்கி, வெற்றிடத்தில் குமிழிகள் போகும்வரை வைத்த பிறகுதான் திரவப் படிகத்தைச் சேர்க்கவேண்டும். எடையில் ஒரு சதவீதம் போதும். பிப்பெட் முனையால் ஒரு நிமிடம் கிளறினால் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை எல்லா அளவிலும் துளிகள் வரும். வேண்டிய அளவை மைக்ராஸ்கோப்பில் தேடி எடுத்துக்கொள்ளலாம். அடுப்பில் வைத்து இறுக்க வேண்டாம். சூட்டில் 5சிபி தெளிந்த திரவமாகி ரப்பருக்குள் கரைந்து கசியத் தொடங்கும், சிறு துளிகள் காணாமலே போகும். 25 டிகிரியில் 48 மணி நேரம் விட்டால் தானாக இறுகும்.

ரப்பர் வேண்டாம், தண்ணீரே போதும் என்பவர்களுக்கு: வெறும் தண்ணீரில் மூலக்கூறுகள் பரப்போடு படுத்துக்கொள்ளும், ஆரத் துளி வராது. 100 மில்லிலிட்டர் வடிநீரில் 0.1 கிராம் சோடியம் டோடெசில் சல்பேட் கரைத்தால் அவை நிமிர்ந்து நிற்கும். சோப்பை இதற்கு மேல் அள்ளிப் போடாதீர்கள். லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமைத் தாண்டினால் சோப்பு மூலக்கூறுகள் திரள்களாகச் சேர்ந்து திரவப் படிகத்தைத் தங்களுக்குள் கரைத்துக்கொள்ளும். துளி கண்ணெதிரே சுருங்கும், கோடுகள் வெப்பம் மாறாமலே நீலப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

அளப்பதற்கு முன் ஒரு சோதனை. தளவிளைவாக்கிகள் இரண்டைக் குறுக்காக வைத்து மைக்ராஸ்கோப்பில் துளியைப் பாருங்கள். ஆரத் துளி வெளிச்சமான வட்டத்துக்குள் கறுப்புச் சிலுவையாகத் தெரியும், சிலுவையின் மையம் துளியின் மையத்தில் நச்சென்று உட்கார்ந்திருக்கும். மேடையைச் சுழற்றினாலும் சிலுவை சுழலாது. மையம் ஓரமாக ஒதுங்கியிருந்தாலோ, சிலுவை முறுகியிருந்தாலோ அந்தத் துளியை விட்டுவிடுங்கள். பிறகு மெல்லச் சூடாக்குங்கள். துளி முழுவதும் இருண்டு மறையும் வெப்பநிலைதான் உங்கள் மேடையில் உங்கள் கலவைக்கான தெளியும் வெப்பநிலை. புத்தகத்தில் இருக்கும் எண்ணைவிட இதைத்தான் நம்பவேண்டும், ஏனென்றால் உணரி இருக்கும் இடமும் துளி இருக்கும் இடமும் ஒரே சூட்டில் இருப்பதில்லை.

துளியின் விட்டம் 15 முதல் 25 மைக்ரோமீட்டர் இருக்கட்டும். மிகச் சிறிய துளியில், அதுவும் டி.இ. வகையில், உள்ளே 1.53, வெளியே ரப்பர் 1.41 என்ற சிறு வித்தியாசம் ஒளியைப் பிடித்துவைக்கப் போதாது. மிகப் பெரிய துளியில் கோடுகள் நெருங்கிவிடும், எது எதுவென்று பிரித்தறிய முடியாது. 532 நானோமீட்டர் லேசரைத் துளியின் விளிம்பில் குவியுங்கள். நடுவில் குவித்தால் சாயம் முழுவதும் ஒளிரும், ஆனால் சுற்றும் ஒளிக்குப் பெரிதாக எதுவும் சேராது.

மேடையின் வெப்பநிலையை மாற்றவே இல்லை. ஆனாலும் கோடுகள் நகர்கின்றன. (ஆய்வு மாணவர்)

லேசரின் சக்தியைப் பாதியாக்கிப் பாருங்கள். கோடுகள் பழைய இடத்துக்குத் திரும்பினால் சாயம் லேசரை உறிஞ்சித் துளியைச் சூடாக்குகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, இனிக் குறைத்தாலும் கோடு அசையாது என்ற சக்திக்கு இறங்குவது. சிக்னல் போதவில்லை என்றால் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பதிவு நேரத்தைக் கூட்டுங்கள், லேசரைக் கூட்டாதீர்கள். சக்தியைக் குறைத்தும் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் துளி சுருங்குகிறது என்று பொருள். அப்போது டி.எம்., டி.இ. இரண்டும் ஒரே பக்கமாக, நீலத்துக்கு, போகும். வெப்பம் காரணமென்றால் எதிரெதிராகப் போகும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்த ஒரு அடையாளமே போதும்.

தெளியும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் போனால் கோடு வேகமாக நகரும் என்கிறார்கள். அங்கேயே வைத்து வேலை செய்யக்கூடாதா? (தொழில்நுட்பப் பிரிவில் பணிபுரியும் வாசகி)

வேகம் உண்மைதான். 5சிபியில் 10 டிகிரி கீழே நின்றால் டி.எம். கோடு டிகிரிக்கு 1 நானோமீட்டர் நகர்கிறது, 2 டிகிரி கீழே நின்றால் 3 நானோமீட்டருக்கு மேல். இருந்தாலும், தெளியும் வெப்பநிலைக்கு 5 டிகிரியைவிடப் பக்கத்தில் போக வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. நகர்வைப் பெரிதாக்கும் அதே காரணம், அதாவது ஒழுங்கு சரிந்துகொண்டிருப்பது, மற்ற எல்லாவற்றையும் கெடுக்கிறது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பெல்டியர் மேடையும் (மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் கூடியது) அதைச் சீராக வைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும் 0.01 டிகிரிக்குள் நிறுத்தும். 25 டிகிரியில் இது 10 பைக்கோமீட்டர் ஆட்டம். துளியின் கோட்டின் அகலமே 50 பைக்கோமீட்டர் என்பதால் பாதிப்பில்லை. 33 டிகிரியில் அதே 0.01 டிகிரி 30 பைக்கோமீட்டருக்கு மேல் ஆட்டும், கோடு தன் அகலத்தில் பெரும்பங்கு தூரம் தள்ளாடும். துளிக்குள்ளேயே ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் சூடு சற்று வேறுபட்டாலும் கோடு அகன்றுபோகும்.

அடுத்தது, நெமாட்டிக்கிலிருந்து திரவமாகும் மாற்றம் படிப்படியாக நடப்பதில்லை, ஒரே தாவலாக நடக்கிறது. சாயமோ அசுத்தமோ கலந்த பொருளில் இரண்டு நிலைகளும் கூடவே இருக்கும் ஒரு இடைவெளி வேறு உண்டு. அந்த இடைவெளியில் துளிக்குள் ஒரு எல்லைக்கோடு ஊர்ந்துகொண்டிருக்கும், கோடுகள் மங்கி மறையும். சூடாக்கும்போது மறையும் வெப்பநிலையும் குளிர்விக்கும்போது திரும்பும் வெப்பநிலையும் ஒன்றாக இருப்பதில்லை. மேடையை வேகமாக ஓட்டினால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும், அது பொருளின் குணம் அல்ல, துளியின் சூடு உங்கள் உணரிக்குப் பின்தங்கியிருப்பது. நிமிடத்துக்கு 0.1 டிகிரி என்ற வேகத்தில் ஏற்றி இறக்கிய பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அளவெடுக்கும் படியின் நீளத்திலும் கவனம் வேண்டும். 17 மைக்ரோமீட்டர் துளியில் அடுத்தடுத்த டி.எம். கோடுகளுக்கு இடைவெளி சுமார் 4 நானோமீட்டர். 4 டிகிரிக்கு ஒரு முறை அளந்தால் ஒவ்வொரு கோடும் அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்து நின்றுவிடும், எதுவும் நகரவே இல்லை என்று தோன்றும். ஒரு படியில் இடைவெளியின் கால் பங்குக்கு மேல் நகரக்கூடாது. 25 டிகிரியருகே அரை டிகிரிப் படி வசதியானது, 30க்கு மேல் 0.2, 33க்கு மேல் 0.1.

வேலை செய்யவேண்டிய வெப்பநிலை முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தால், அதற்கேற்ற பொருளைத் தேர்ந்தெடுங்கள். 5சிபியின் நெமாட்டிக் நிலை 23 அல்லது 24 டிகிரியிலிருந்து 35 வரைதான். இ7 என்ற கலவை (5சிபி பாதிக்குச் சற்று மேல், மீதி அதன் உறவுப் பொருள்கள் மூன்று) 60 டிகிரியருகே தெளிகிறது. குளிர்சாதன அறையிலும் உறைவதில்லை. ஆனால் அறை வெப்பநிலையில் அதன் அசாதாரண எண் 5சிபியைப் போலப் பாதி வேகத்தில்தான் இறங்குகிறது. சாதாரண எண் ஏறத்தாழ அசைவதே இல்லை, ஏனென்றால் அடர்த்தி குறைவது அதை இறக்கப் பார்க்கிறது, ஒழுங்கு தளர்வது ஏற்றப் பார்க்கிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இ7 துளியில் டி.இ. கோடு நகர்ந்தால் அது பெரும்பாலும் துளியின் விரிவு.

கண்ணாடிக் கேப்பிலரிக்குள் (மிக மெல்லிய குழாய்) 5சிபி நிரப்பி, மெலித்த ஃபைபர் வழியாக 1550 நானோமீட்டர் ஒளி செலுத்தினோம். டிகிரிக்கு 11 பைக்கோமீட்டர்தான் கிடைக்கிறது. திரவப் படிகம் வேலையே செய்யவில்லையா? (ஆய்வுக் குழு ஒன்றிலிருந்து)

திரவப் படிகம் சரியாகத்தான் இருக்கும், ஒளிதான் அதைத் தொடவில்லை. 11 பைக்கோமீட்டர் என்பது வெறும் சிலிக்காவின் எண். உங்கள் ஒளி முழுவதும் கண்ணாடிச் சுவருக்குள்ளேயே சுற்றுகிறது.

125 மைக்ரோமீட்டர் வெளி விட்டமுள்ள கேப்பிலரியில், வெளிப்பரப்பை ஒட்டி ஓடும் முதல் வகை ஒளி உள்நோக்கி 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் ஆழமே போகிறது. சுவர் 12 மைக்ரோமீட்டர் தடிப்பு என்றால் உள்ளே இருப்பது 5சிபியா காற்றா என்று அந்த ஒளிக்குத் தெரியவே தெரியாது. ஆழமாகப் போகும் உயர் வகைகள் கொஞ்சம் தொடும். உங்கள் ஸ்பெக்ட்ரத்தை மறுபடி பாருங்கள், பெரிய கோடுகளுக்கு நடுவே சில சிறு கோடுகள் வேறு வேகத்தில் நகரும், அவைதான் திரவப் படிகத்தைத் தொடுபவை.

சுவரை மெலிக்க இரண்டு வழி. ஒன்று, கேப்பிலரியைச் சுடரில் சூடாக்கி இழுப்பது. இழுக்கும்போது உள் விட்டமும் வெளி விட்டமும் ஒரே விகிதத்தில் குறையும். வெளியே 125, உள்ளே 100 இருந்ததை வெளியே 30 வரும்வரை இழுத்தால் சுவர் 3 மைக்ரோமீட்டராகும். சூடு மிகுந்தால் உள்துளை சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரு முனையை அடைத்து மறுமுனையில் சிறிது காற்றழுத்தம் கொடுத்தால் துளை திறந்தே இருக்கும். அழுத்தத்தைக் கூட்டிச் சூடான இடத்தைக் குமிழியாக ஊதினால் சுவர் இன்னும் மெலியும். இரண்டாவது வழி, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் வெளிப்புறத்தைக் கரைப்பது. இதை அந்த அமிலத்துக்கென்றே ஒதுக்கிய புகைக்கூண்டு, பயிற்சி பெற்றவர், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் மூன்றும் இல்லாத இடத்தில் செய்யவே கூடாது. தோலில் பட்டவுடன் வலிக்காமலே உள்ளே இறங்கி எலும்புவரை கெடுக்கும் அமிலம் அது. இழுக்கும் வழி இருக்கும்போது இதற்குப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நிரப்பும்போது கேப்பிலரியையும் 5சிபியையும் 40 டிகிரியில் வைத்து நிரப்புங்கள். நெமாட்டிக்காக இருக்கும்போது உறிஞ்சவிட்டால் ஓட்டத்தின் திசை சுவரில் ஏடாகூடமாகப் பதிந்துவிடும், காற்றுக் குமிழியும் சிக்கும். நிரம்பிய பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரி வேகத்தில் ஆறவிடுங்கள். முனைகளைப் பசையால் அடைப்பதானால் பசைக்கும் திரவப் படிகத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் காற்று இருக்கட்டும். இறுகாத பசை கரைந்து கலந்தால் தெளியும் வெப்பநிலை நாளுக்கு நாள் இறங்கும்.

மெலித்த ஃபைபரின் இடை 1 முதல் 2 மைக்ரோமீட்டர். காற்றில் தொங்கவிட்டால் ஆடும், கேப்பிலரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி வையுங்கள். அமைப்பு முழுவதையும் ஒரு பெட்டியால் மூடுங்கள். மின்விசிறிக் காற்றும் தூசியும் இதற்குப் பகை. இடையில் ஒரே ஒரு தூசி ஒட்டினால் ஒளி பாதியாகிவிடும், துடைக்க முடியாது, புதிதாக இழுக்கவேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. கேப்பிலரியில் மூலக்கூறுகள் குழாயின் நீளத்தோடு படுத்திருந்தால், குழாயின் அச்சுத் திசையில் மின்புலம் உள்ள ஒளிதான் அசாதாரண எண்ணைப் பார்க்கும். ஆரத் திசையில் உள்ளது சாதாரண எண்ணைப் பார்க்கும். ஆரத் துளியில் சொன்னதற்கு இது நேர் எதிர். போதாததற்கு, உருளை ரெசனேட்டர் கட்டுரைகளில் டி.இ., டி.எம். என்ற பெயர்களையே சிலர் மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் மின்புலம் எந்தத் திசை, மூலக்கூறு எந்தத் திசை என்று எழுதுங்கள், பெயரை மட்டும் எழுதிவைத்தால் பிறகு குழப்பமே மிஞ்சும்.

லேசரின் அலைநீளத்தை ஏற்றிக்கொண்டே போனால் கோடு குறுகலாகவும், இறக்கிக்கொண்டே வந்தால் அகலமாகவும் தெரிகிறது. சிலிக்காவில் இது தலைகீழாக அல்லவா இருக்கும்? (அதே குழுவிலிருந்து)

ஆமாம், நல்ல கவனிப்பு. ரெசனேட்டருக்குள் சேரும் ஒளி அதைச் சூடாக்குகிறது. சிலிக்காவில் சூடேறினால் கோடு சிவப்புப் பக்கம் போகும். நீலத்திலிருந்து சிவப்புக்கு லேசரை நகர்த்தினால் கோடு அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே போகும், அதனால் அகலமாகத் தெரியும். எதிர்த் திசையில் வந்தால் சட்டென்று கடந்துபோகும். நீங்கள் இப்போது பார்த்த கோடு முன்பு சொன்ன சிலிக்காக் கோடு அல்ல, அசாதாரண எண்ணைப் பார்ப்பது, சூட்டில் நீலப் பக்கம் ஓடுவது, ஆகவே எல்லாம் திரும்பியிருக்கிறது. திரவப் படிகம் உண்மையில் ஒளியைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அளவெடுப்பதற்கு மட்டும் லேசரைக் குறைத்து, இரண்டு திசையிலும் ஒரே வடிவம் வரும் சக்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்புலத்தாலும் நகர்த்தலாமே. வெப்பம் மெதுவானது அல்லவா? (பொறியியல் மாணவர்)

நகர்த்தலாம். ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் உள்ள யோசஃப் ஸ்டெஃபான் நிறுவனத்தில் ஹுமார், முஷெவிச் குழுவினர் 2009இல் பி.டி.எம்.எஸ்.ஸுக்குள் இருந்த 17 மைக்ரோமீட்டர் நெமாட்டிக் துளியில் மின்புலத்தால் 20 நானோமீட்டர் வரை நகர்த்திக் காட்டினார்கள். மின்புலம் ஆர ஒழுங்கை ஒரு பக்கமாக இழுத்து வளைக்கிறது, துளியின் கோளச் சீர்மை போகிறது. வெப்பம் எல்லாத் திசையிலும் சமமாகத் தளர்த்துவதால் சீர்மை அப்படியே நிற்கிறது, மின்முனைகளும் தேவையில்லை. மெதுவானது மேடைதானே தவிரத் துளி அல்ல. 17 மைக்ரோமீட்டர் துளி வழியாக வெப்பம் பரவ ஒரு மில்லிநொடிகூட ஆகாது. லேசரால் துளியை மட்டும் சூடாக்கினால் அந்த வேகத்தை எட்டலாம்.

சிலிக்கான் சிப்பில் உள்ள வளைய ரெசனேட்டர் சூட்டில் நகராமல் இருக்கத் திரவப் படிகம் பூசலாமா? (சிப் வடிவமைப்புத் துறை வாசகர்)

பூசலாம். சிலிக்கானின் எண் டிகிரிக்கு 0.00018 அளவு கூடுவதால் வளையம் 70, 80 பைக்கோமீட்டர் சிவப்புப் பக்கம் போகிறது. மேலே இருக்கும் திரவப் படிகத்தின் அசாதாரண எண் இறங்குவது அதை எதிர்க்கும். வளையத்திலிருந்து கசியும் ஒளியின் பங்கைச் சரியாக அமைத்தால் ஒரு வெப்பநிலையில் இரண்டும் ஈடாகும். அந்த ஒரு வெப்பநிலைக்குச் சுற்றிலும் சில டிகிரிகளில்தான், ஏனென்றால் சிலிக்கானின் மாற்றம் நேர்கோடு, திரவப் படிகத்தினுடையது வளைகோடு. பரந்த எல்லையில் நகராமல் இருக்கவேண்டும் என்றால் சாதாரண பாலிமரே மேல். வளையத்தைச் சுற்றி மூலக்கூறு திசை ஒரே பக்கம் பார்த்தால், வளையத்தின் ஒரு பகுதி அசாதாரண எண்ணையும் இன்னொரு பகுதி சாதாரண எண்ணையும் பார்க்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இந்த வகை ஒத்ததிர்வுக்கு விஸ்பரிங் கேலரி என்று பெயர் வந்தது எப்படி? நம் நாட்டுத் தொடர்பு உண்டா? (பள்ளி ஆசிரியை)

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்துக்கு அடியில் உள்ள வட்ட நடைபாதையிலிருந்து வந்தது. சுவரோரம் மெல்லப் பேசியது எதிர்ப்பக்கச் சுவரோரம் கேட்கும். ஒலி சுவரை ஒட்டியே வளைந்து வருகிறது என்று ராலே பிரபு 1910இல் கணக்காக நிறுவினார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சதர்லாந்துடன் சேர்ந்து அங்கேயே சோதனை செய்து 1921இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். திரவப் படிகப் பக்கமும் ஒரு தொடர்பு உண்டு: பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை நீள மூலக்கூறுகளே அப்படி ஆகும் என்று நினைத்திருந்தார்கள்.

5சிபி புட்டியில் வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? (ஆய்வக உதவியாளர்)

கெடவில்லை, குளிரில் உறைந்திருக்கிறது. மூடியை இறுக்கி, 40 டிகிரி தண்ணீரில் புட்டியை நிறுத்துங்கள். ஊசிகள் முழுவதும் கரைந்து திரவம் கண்ணாடிபோலத் தெளிந்ததும் மெல்லச் சுழற்றிக் கலக்கிவிட்டு எடுங்கள். இ7 போன்ற கலவையாக இருந்தால் 65 டிகிரிவரை கொண்டுபோய்க் கலக்குங்கள். பாதி தெளிந்த நிலையில் மேலாக எடுத்தால் அதில் உள்ள நான்கு பொருள்களின் விகிதம் மாறியிருக்கும், நீங்கள் எடுத்தது இ7 ஆக இருக்காது. புட்டியை இருட்டில் வையுங்கள், எடுக்கும் பிப்பெட் முனையைத் திரும்ப உள்ளே விடாதீர்கள்.